சும்மா இருக்க வேண்டிய நான்காவது தாளம்

எங்கள் யனகிஷிதா மூன்றாம் வட்டத்தில், முன்னோரை நினைத்து ஆடுகிற ஓபோன் திருவிழா ஆட்டத்துக்கு முந்நூறு வருடப் பாரம்பரியம் உண்டு என்று கோஷிமிஸு எழுதிய அறுபத்திரண்டு பக்கப் புத்தகம் சொல்கிறது. வட்டமோ, ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் உண்டானது. முந்நூறு வருடத்துக்கு முன் இங்கே யாராவது ஆடியிருந்தால் கழுத்தளவு தண்ணீரில்தான் ஆடியிருக்க வேண்டும். இதை நான் அவரிடமே ஒருமுறை கேட்டேன். கரையில் ஆடினார்கள் என்றார். அடுத்த பதிப்பில் கரைக்கென்று ஓர் அத்தியாயம் சேர்ந்துவிட்டது.

கோஷிமிஸு ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் ஆகாமலே ஓய்வு பெற்றதால், செலவாகாமல் மிஞ்சிய தலைமையை எல்லாம் எங்கள் மேல் செலுத்திக்கொண்டிருக்கிறார். நடனப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார். நடனத்தை யாரிடமிருந்து பாதுகாக்கிறார் என்று விதிமுறைகளில் எழுதவில்லை. எங்களிடமிருந்துதான் என்று நினைக்கிறேன்.

நான் காசு போட்டால் தானே துவைக்கிற லாண்டரி ஒன்று நடத்துகிறேன். இயந்திரம் துவைக்கிறது, இயந்திரம் உலர்த்துகிறது, வாடிக்கையாளர் மடித்துக்கொள்கிறார். எனவே ஊரில் நடப்பதைக் கவனிக்க எனக்கு நேரம் உண்டு. என் பூனைக்குக் காச்சோ என்று பெயர். அலுவலகங்களில் பிரிவு மேலாளரை அப்படித்தான் அழைப்போம். காலையில் சூடான உலர்த்தி மேல் ஏறி உட்காரும். யார் வந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொள்ளும். சாயங்காலம் மணி ஐந்தானால் இறங்கிவிடும். வேறு பெயர் எதுவும் பொருந்தவில்லை.

பக்கத்துக் கடை கொரொக்கே அக்காவுடையது. உருளைக்கிழங்கை மசித்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் கொரொக்கே. முப்பது வருடமாக அதைப் பொரித்துக்கொண்டிருப்பதால் அக்காவுக்கும் அதே பெயராகிவிட்டது. திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர்கள் பெயரைக் காகித விளக்குகளில் எழுதித் தொங்கவிடுவோம். அக்காவின் விளக்கில் ‘கொரொக்கே கடை’ என்றுதான் இருக்கும். அவர் கணவர் இறந்தபோது வந்த இரங்கல் அட்டைகளில் பாதி ‘கொரொக்கே கடை அம்மையாருக்கு’ என்று ஆரம்பித்தன. நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஆட்டத்துக்காகப் பள்ளி மைதானத்தின் நடுவில் மரக்கோபுரம் ஒன்று கட்டுவோம். உச்சியில் பெரிய முரசு. அதை அடிப்பவன் மீன்கடை ஹெய்ஜி, என் நண்பன், அக்காவுக்கும் நண்பன். முரசுக்குக் கீழே கோபுரத்தைச் சுற்றி ஒரு பரண். அதில் ஒரே மாதிரி அலை போட்ட கோடைக் கிமோனோ அணிந்த பன்னிரண்டு பெண்கள் ஆடுவார்கள். தரையில் நாங்கள் முந்நூறு பேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, அவர்களைப் பார்த்து ஆடுவோம். எங்கள் ஆட்டத்துக்கு இலக்கணம் ஒன்றே ஒன்றுதான்: தெரியாவிட்டால் முன்னால் இருப்பவரைப் பார்த்து ஆட வேண்டும். தெரிந்திருந்தாலும், முன்னால் இருப்பவர் வேறு மாதிரி ஆடினால் அதையே ஆடிவிட வேண்டும். தன்னந்தனியாகச் சரியாக ஆடி ஊர் கண்ணில் படுவதை இங்கே யாரும் நல்ல வளர்ப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டுக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு பேரின் முழுப் பெயரையும் கோஷிமிஸு ஒலிபெருக்கியில் வாசிப்பார். பத்தொன்பது வருடமாகத் தரையில் ஆடிய அக்காவுக்கு அதன் மேல்தான் கண்.

“எனக்கு மேல ஏறணும்னு ஆசை இல்ல. அந்தக் கிமோனோகூட வேண்டாம், அலை போட்டா நான் இன்னும் குண்டாத் தெரிவேன்,” என்று என்னிடம் சொன்னார். “ஒரே ஒரு தடவை மைக்ல என் பேரைக் கேக்கணும், லாண்டரி. செத்தப்புறம் பிக்கு வாசிப்பாரு. அதுவும் அவரா வைக்கிற வேற பேரு.”

இந்த வருடம் பரணில் ஓர் இடம் காலியானது. முட்டிவலிக்காரர் ஒருவர் மகளோடு நகோயாவுக்குப் போய்விட்டார். கோஷிமிஸு மூன்று கூட்டம் போட்டு, ஒரு முடிவை அறிவித்தார். சனிக்கிழமை கொரொக்கே அக்கா சோதனை முறையில் மேலே ஆடலாம். பிழை இல்லையென்றால் ஞாயிறும் உண்டு, கிமோனோவும் உண்டு, பெயரும் உண்டு. பிழை என்றால் வந்த வழியே இறங்கிவிட வேண்டும்.

அக்கா ஜூன் மாதமே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். என் லாண்டரியின் பின்முற்றத்தில், கடை மூடிய பிறகு, பழைய கிமோனோவைக் கட்டிக்கொண்டு ஆடுவார். ஹெய்ஜி ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவான். ஆட்டத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டடி முன்னால், ஓரடி பின்னால், மூன்று கைத்தட்டு. நான்காவது தாளத்தில் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மாதான் கடினம் என்று கோஷிமிஸு பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார்.

சிக்கல் அக்காவின் நாயால் வந்தது. மோனாகா என்று பெயர், குட்டைக் கால், தாராளமான வயிறு. யார் கை தட்டினாலும் குரைக்கும். மாடியில் குடியிருப்பவர் ஜன்னலைத் திறந்து, மிகப் பணிவாக, நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் சண்டை போட மாட்டார்கள். எனவே அக்கா கிமோனோவின் இடது கையில் பை மாதிரித் தொங்குகிற துணிக்குள், அதாவது கைப்பைக்குள், காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டுகளைப் போட்டு வைத்துக்கொண்டார். மூன்றாவது தட்டு விழுந்ததும் வலது கையை உள்ளே விட்டு ஒரு துண்டை எடுத்து, வலப்பக்கம் தரையில் போடுவார். மோனாகாவின் வாய் அடைபடும். இரண்டு மாதம், வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்று அதன் வயிறுதான் சொல்ல வேண்டும்.

எனக்கும் ஹெய்ஜிக்கும் இது உறைக்கவே இல்லை. நாய் இருக்கிற இடத்தில் கிழங்கு போடுகிறார், இதில் பார்க்க என்ன இருக்கிறது? காச்சோ மட்டும் ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தது. மேலாளர்கள் வழக்கப்படி அதுவும் எதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் இன்னும் இறங்கவில்லை. சைக்கிள்களை வரிசையாக நிறுத்துகிற பொறுப்பு எனக்கு. கூடவே மோனாகாவைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பும். அக்காவின் தங்கை கொரொக்கே தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டார். அக்கா தன் பழைய கிமோனோவிலேயே பரணில் ஏறினார். அவருக்கு முன்னால் சகாகி அம்மாள். பரண் பெண்களின் தலைவி; தாடையை உயர்த்தியே வைத்திருப்பதால் அவருடைய மூக்குத் துவாரங்களைத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஹெய்ஜி முரசை அடித்தான். இரண்டடி முன்னால், ஓரடி பின்னால், தட்டு, தட்டு, தட்டு. நான்காவது தாளத்தில் பதினோரு பேர் சும்மா நின்றார்கள். அக்காவின் வலது கை இடது கைப்பைக்குள் போனது, எதையோ எடுத்தது, வலப்பக்கம் போட்டது. விழுந்த இடத்தைக் கண் அன்போடு பார்த்தது.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கவலையும் இல்லை. செய்தது அவருக்கே தெரியவில்லை.

முதல் சுற்றில் பரணுக்கு நேர் கீழே இருந்த பத்துப் பேர் அதைச் செய்தார்கள். இரண்டாம் சுற்றில் குளிர்பானக் கடைப் பக்கம் முழுக்கச் செய்தது. நான்காம் சுற்றில் முந்நூறு பேரும் கிமோனோக் கைக்குள் கைவிட்டார்கள். அரைக்கைச் சட்டை போட்டவர்கள் அக்குளில் விட்டார்கள். கீழே இருப்பவர்கள் மேலே பார்த்து ஆட வேண்டும் என்பது விதி. மேலே இருப்பவர்கள் கீழே பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. ஊரே ஒன்றைச் செய்ய, தான் மட்டும் சும்மா நிற்பது சகாகி அம்மாளுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்றாவது பாட்டில் அவர் கையும் உள்ளே போனது.

மோனாகாவின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். முந்நூறு மனிதர்கள் ஒரே நேரத்தில் கிழங்கு போடுகிறார்கள். அது என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வட்டத்துக்குள் பாய்ந்தது. ஊர் இடம்புறமாகச் சுற்ற, அது எதிர்த் திசையில் போனது. ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து தரையை மோந்தது, ஒன்றும் இல்லை என்றதும் அடுத்தவரிடம் போனது. அத்தனை பேர் கைவிரித்தால் எந்த உயிருக்கும் மனித இனத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். மோனாகாவுக்குப் போகவில்லை.

அதைத் துரத்திக்கொண்டு நான் பிரமுகர்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, உள்ளூர்த் தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி கோஷிமிஸுவிடம் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, நகர மன்ற உறுப்பினர் ஒருவருக்குத் தன் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

“மூணு தட்டு தட்டினதும் கைப்பைக்குள்ள இருந்து எதையோ எடுத்துக் கீழ போடறாங்களே ஐயா,” என்று அவள் கேட்டாள். “அதுக்கு என்ன அர்த்தம்?”

கோஷிமிஸு திரும்பினார். முந்நூறு பேர் கைவிட்டு எடுத்துப் போட்டார்கள். பார்லி தேநீர்க் குவளை அவர் கையில் கொஞ்சம் சாய்ந்தது. முப்பத்தெட்டு வருடம் ஆசிரியராக இருந்தவர்; தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“விதைப்பு,” என்றார். “நம் முன்னோர் விதையைக் கிமோனோக் கையில்தான் வைத்திருந்தார்கள். மூன்று தட்டு பறவைகளை விரட்ட. நான்காவதில் விதை விழுகிறது. அந்தப் பார்வை மண்ணுக்குச் செய்கிற வணக்கம்.”

“அப்போ அந்த நாய்?”

ஒரு மூச்சு விடும் நேரம்தான் எடுத்துக்கொண்டார். “பறவைகள் திரும்பி வந்தால் என்ன செய்வது, சொல்லுங்கள்?” என்றார். நகர மன்ற உறுப்பினர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து அக்கா இறங்கி வந்தபோது ஹெய்ஜி விஷயத்தை அவர் காதில் போட்டான். அக்காவின் முகம் பொரிக்காத கொரொக்கே மாதிரி வெளுத்துவிட்டது. நேரே கூடாரத்துக்குப் போய்க் குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்க தலைவரே. அது விதைப்பு இல்ல. நாய்க்குக் கிழங்கு போட்டுப் போட்டு என் கை கெட்டுப்போச்சு.”

தொலைக்காட்சிப் பெண் இன்னும் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கோஷிமிஸு நகர மன்ற உறுப்பினர் பக்கம் திரும்பி, எங்கள் வட்டத்துப் பெண்களின் அடக்கத்தைப் பார்த்தீர்களா என்றார். அக்கா மறுபடியும் சொன்னார், இன்னும் உரக்க. அவர் இன்னும் உருகினார். கடைசியில் அக்கா கைப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழங்குத் துண்டைத் துழாவி எடுத்து, சாட்சிக்கு நீட்டினார். கோஷிமிஸு அதை இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொல்லித் தின்றுவிட்டார்.

பிறகு தீர்ப்புச் சொன்னார். இத்தனை வருடம் மறந்துபோயிருந்த அசைவைச் சரியாகச் செய்தவர் இவர் ஒருவர்தான். நாளை மதியம் மற்ற பதினோரு பேருக்கும் இவரே கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை வீடு வீடாகச் சுற்றுகிற அறிவிப்புப் பலகை என் கடைக்கும் வந்தது. ‘விதைப்பு அசைவு’ என்று தலைப்புப் போட்டு, கோஷிமிஸு கையாலேயே படம் வரைந்திருந்தார். படத்தில் நாயும் இருந்தது. பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக என் முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

மதிய வகுப்பு சமூகக் கூடத்தில் நடந்தது. சகாகி அம்மாள் குறிப்பேடும் இரண்டு நிறப் பேனாவுமாக வந்திருந்தார். எத்தனை விரல் உள்ளே போக வேண்டும் என்று கேட்டார். அக்கா செய்து காட்டினார். நேற்று முதலில் ஆள்காட்டி விரல் போனதா கட்டைவிரல் போனதா என்று இன்னொருவர் கேட்டார். அக்கா மறுபடி செய்து காட்டினார், அது வேறு மாதிரி வந்தது. பார்வை எங்கே விழ வேண்டும், தன் கால் விரலிலா, இரண்டடி தள்ளியா? மூன்றாவது தடவை செய்தபோது கை, கைப்பையின் வாயையே தேடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் தன்பாட்டில் நடந்த காரியம், கவனித்துச் செய் என்றதும் ஒளிந்துகொண்டது.

பெண்கள் தங்களுக்குள் கலந்து பேசிக் கை தூக்கி வாக்கெடுத்தார்கள். இரண்டு விரல். முழங்கை மார்பளவு. பார்வை இரண்டடி தள்ளி. நான்கு மணிக்குள் பதினோரு பேருக்கும் அச்சில் வார்த்த மாதிரி வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. சகாகி அம்மாள், முழங்கை இறங்குகிறது என்று அவரை ஆறு தடவை திருத்திவிட்டு, கோஷிமிஸுவிடம் போய் முறையிட்டார்: பாரம்பரிய அசைவு வராத ஒருவரை எப்படி மேலே வைத்திருப்பது?

கோஷிமிஸு யோசித்தார். இன்றைய முதல் மூன்று பாட்டைக் கூர்ந்து பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் பெயர்ப் பட்டியல் என்று சொல்லி அனுப்பினார்.

ஐந்து மணிக்கு அக்கா என் லாண்டரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மோனாகா அவர் காலடியில். காச்சோ வேலை முடிந்து இறங்கிவிட்டது. ஹெய்ஜி ஒரு யோசனை சொன்னான்: நாயைப் பரணுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், அது பக்கத்தில் இருந்தால் கை தானாக வரும். முயன்று பார்த்தோம். கை அருமையாக வந்தது. ஆனால் ஐந்து விரலும் உள்ளே போயின, முழங்கை இடுப்பில் கிடந்தது.

“இது நேத்திய மாதிரி,” என்றான் ஹெய்ஜி. “நேத்து இது தப்பு. அப்புறம் சரியாச்சு. இன்னைக்கு மதியத்துல இருந்து மறுபடி தப்பு.”

“சரியாத்தானடா போடறேன். நாய் திங்குதுல்ல?”

“நீயே கண்டுபிடிச்ச தப்பை உனக்கே தப்பில்லாமப் பண்ண வரலியே அக்கா.”

அக்கா, தான் கீழேயே ஆடிக்கொள்வதாகவும், ஒரு பெயர் காதில் விழாததால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது உலர்த்தியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ ஒருவரின் போர்வை சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பொதுவாக யாருக்கும் உருப்படியான யோசனை சொல்வதில்லை. என் தொழிலுக்கு அது தேவையும் இல்லை. அன்று வாயில் வந்துவிட்டது.

“அக்கா, இத்தனை வருஷமாத் தரையில என்ன பண்ணிட்டு இருந்தே?”

“முன்னாடி போறவங்களைப் பாத்து ஆடினேன்.”

“பரண்லயும் முன்னாடி ஒருத்தர் போவாங்கதானே?”

அக்கா போர்வையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கிமோனோவை மாற்றப் போனார்.

அன்று மாலை அக்கா பரணில் எதையும் யோசிக்கவில்லை. முன்னால் சகாகி அம்மாளின் முழங்கை எழுந்தால் இவருடையதும் எழுந்தது, அவர் இரண்டு விரல் போனால் இவருடையதும் போனது. முதல் பாட்டு தேறியது. இரண்டாவதும் தேறியது. கூடாரத்தில் கோஷிமிஸு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு கொசு வந்தது.

ஆகஸ்ட் மாதம், ஏரி இருந்த இடம், கொசுவைக் குறை சொல்ல முடியாது. அது சகாகி அம்மாளின் பின்கழுத்தில் உட்கார்ந்தது. விதையைப் போட்ட கையோடு அவர் கழுத்தில் பளாரென்று ஒன்று வைத்தார். அரைத் தாளம் பிந்தி அக்கா தன் கழுத்தில் ஒன்று வைத்தார். அக்காவின் பின்னால் ஆடிய பத்துப் பேருக்கு, இது மதிய வகுப்பில் தாங்கள் கவனிக்காமல் விட்ட பகுதி போலிருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். அவர்களும் வைத்தார்கள். அடுத்த சுற்றில் கொசு இல்லை. ஆனால் கீழே முந்நூறு பேர் கழுத்தில் அடித்துக்கொண்டார்கள். ஊரோடு ஒத்துப்போக வேண்டிய நிர்ப்பந்தத்தில் சகாகி அம்மாளும் தன்னையே மறுபடி அடித்துக்கொண்டார். இந்த முறை தாடை கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் கோஷிமிஸுவைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பெண்களும் விரல் பிசகாமல் ஒரே மாதிரி ஆடுகிறார்கள். அவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்க முடியாது.

கடைசிப் பாட்டுக்கு முன் முரசு நின்றது. கோஷிமிஸு ஒலிவாங்கியை இரண்டு தடவை தட்டினார், தொண்டையைச் செருமினார், முந்நூறு வருடங்களைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். குழந்தைகள் ஐஸ் கேட்டு அழுதார்கள். பிறகு பட்டியலைப் பிரித்தார். முதலில் சகாகி. அப்புறம் ஒவ்வொன்றாக.

“பன்னிரண்டாவதாக, உராபே கினுயோ.”

என் பக்கத்தில் நின்று கொரொக்கே தின்றுகொண்டிருந்த ஒருவர் என் பக்கம் சாய்ந்தார். “யாருங்க அது, உராபே?”

“நீங்க தின்னுட்டு இருக்கீங்களே, அதைப் பொரிக்கிறவங்க.”

அவர் கையிலிருந்ததைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். “ஓ, கொரொக்கே அக்காவா? நான் யாரோ பெரிய வீட்டம்மான்னு நெனச்சேன்,” என்று சொல்லிவிட்டு மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. உராபே என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும்.

மேலே அக்காவுக்கு இதெல்லாம் கேட்டிருக்காது. மற்ற பதினோரு பேரும் கூட்டத்தைப் பார்த்து வணங்கினார்கள். அக்கா மட்டும் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பி, அது ஏதோ பெரிய மனிதர் போல, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். உச்சியில் ஹெய்ஜி இரண்டு குச்சிகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் நிமிர்ந்தால் பாட்டை ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தான். அக்கா நிமிர்வதாகத் தெரியவில்லை.